அணை கட்டுவதால் ஆற்றுக்கும் அதன் படுகைகளுக்கும் என்ன கெடுதல்?

"அணை வெள்ளத்தைத் தடுக்கிறது, பாசனத்துக்கு நீர் தருகிறது, பிறகு ஆற்றுக்கு அதனால் என்ன கெடுதல்?" என்பது கேள்வி. டெல்டாக்காரன் என்பதால் காவிரியை வைத்தே பதில் சொல்கிறேன். நீரின் அளவு குறைவதைப் பற்றித்தான் நாம் ஓயாமல் பேசுகிறோம். நீர் வரும் காலம் மாறியதும் வண்டல் நின்றுபோனதும் அதைவிடப் பெரிய மாற்றங்கள் என்பது என் கருத்து.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்படும் வரை, குடகில் தென்மேற்குப் பருவமழை வலுக்க வலுக்கக் காவிரி சிறுகச் சிறுக ஏறி, ஆடியில் கரை தொட்டு, கரையோரத் தாழ்நிலங்களான படுகைகளில் பரவி, பிறகு மெல்ல வடிந்தது. இப்போது அந்தப் புதுவெள்ளம் முதலில் கர்நாடக அணைகளையும், பிறகு 93.47 டிஎம்சி கொள்ளளவுள்ள மேட்டூரையும் நிரப்ப வேண்டும். ஜூன் 12 என்ற திறப்பு நாளும் இருப்பைப் பொறுத்ததே. ஆடிப்பெருக்குக்கென்றே தனியாக நீர் திறந்துவிட்ட ஆண்டுகளும் உண்டு!

படுகையில் முழங்கால் அளவு நீர் சில வாரங்கள் நின்றால்தான் எதிரேறி வரும் கெண்டையும் கெளுத்தியும் அங்கே முட்டையிட்டு, குஞ்சுகள் கோரைக்கும் நாணலுக்கும் நடுவே வளர்ந்து, வடியும் நீரோடு ஆற்றுக்குத் திரும்ப முடியும். மதகைச் சட்டென்று இறக்கினால் அவை குட்டைகளில் சிக்கிக் காய்ந்துபோகின்றன. பல ஆண்டுகள் நனையாத படுகையைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொள்கிறது. கடலிலிருந்து காவிரிக்குள் ஏறிவந்த உல்லம் மீனும் மேட்டூருக்குப் பிறகு அருகிப்போயிற்று.

வண்டலும் மணலும் நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடுவதால், கீழே வரும் தெளிந்த நீர் ஆற்றின் அடித்தளத்தையே அரிக்கிறது. மணல் அள்ளுவதும் சேர்ந்துகொள்ள, ஆறு தாழ்ந்து, ஆற்றிலிருந்து நீர் பிரியும் வாய்க்கால் தலைப்புகள் மேட்டில் நிற்கின்றன. கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. நன்னீர் வரத்துக் குறைந்த முத்துப்பேட்டைச் சதுப்பில் உவர்ப்பைத் தாங்கும் அவிசீனியா வகை அலையாத்தி மரமே பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது.

வெள்ளமாவது முழுமையாக நின்றதா என்றால், அதுவும் இல்லை. அணை நிரம்பிய பின் வருவதெல்லாம் ஒரே மூச்சில் வெளியேறுகிறது. 2018 ஆகஸ்டில் அப்படி வந்த நீரில்தான் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

குறுவையும் சம்பாவும் மேட்டூரை நம்பியிருக்கும்போது அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீர்வரத்து மிகுந்த ஆண்டுகளில், அணை ததும்பும் வரை காத்திராமல் சில நாட்கள் முன்பே படிப்படியாகத் திறந்து, படிப்படியாகவே குறைத்தால் படுகையும் நனையும், கீழே உள்ள அணைகளும் தாங்கும். ஆனால் மேலிருந்து எவ்வளவு நீர் எப்போது வரும் என்ற கணக்கு மேட்டூருக்கு முன்கூட்டியே கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால், கையிருப்பு நீரைத் துணிந்து திறந்துவிட எந்தப் பொறியாளரும் முன்வரமாட்டார்.