மருந்தை எடுக்குமுன் லென்ஸை எடுங்கள்

கேள்வி: கிறிஸ்துமஸ் மரத்துக்காக நீல ஸ்புரூஸ் வளர்க்கிறோம். அடிக்கிளைகளில் உட்பக்க ஊசியிலைகள் ஊதாவும் பழுப்புமாக மாறிக் கொட்டுகின்றன. சிலந்திப்பேன் என்கிறார்கள். மருந்து அடிக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். பழுத்த இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நல்ல இலையில் நீளவாக்கில் வெள்ளைப் புள்ளி வரிசைகள் ஓடும். இலை மூச்சுவிடும் துளைகள் அவை. அதே வரிசையில் கறுப்பு மணி கோத்தாற்போல் தெரிந்தால், அது பூச்சியே இல்லை, ரைசோஸ்பீரா என்ற பூஞ்சணம். அடிக்கிளையில் தொடங்கியிருப்பதால் என் சந்தேகம் அதன்மேல்தான்.

சிலந்திப்பேன் சாறு உறிஞ்சினால் முதலில் வெளிர்மஞ்சள் பொட்டுகள் விழும், அப்புறம் இலை வெண்கல நிறமாகும், சிம்புகளுக்கிடையே மெல்லிய நூலாம்படை தெரியும். கிளைக்கடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசியில் மெல்ல ஊர்வதை விரலால் தேய்த்தால் பச்சைக் கறை விழும், அதுதான் சிலந்திப்பேன். விறுவிறுவென ஓடுவது பெரும்பாலும் அதைத் தின்னும் நல்ல பேன். கோடை வெயிலில் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள். சிலந்திப்பேன் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் பெருகும்.

அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன் இதே பழுப்பைப் பேன் என்று நினைத்து, எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தை ஒரு வரிசை முழுக்க அடித்தேன். பூஞ்சணம் அப்படியே இருந்தது, நல்ல பேன்கள்தான் செத்தன. அடுத்த வசந்தத்தில் அந்த வரிசையில் மட்டும் சிலந்திப்பேன் மண்டியது. அந்த மரங்களை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

பூஞ்சணம்தான் என்றால், பழுத்த இலைக்கு இனி மருந்தில்லை. ஈரமான வசந்தத்தில் புதுத்தளிரில் ஏறிய தொற்று இது. அடுத்த வசந்தத்தில் தளிர் அரை அங்குலத்திலிருந்து 2 அங்குலம் இருக்கும்போது பூஞ்சணக்கொல்லி அடியுங்கள், 3, 4 வாரம் கழித்து இன்னொரு முறை. ஒரு வருஷத்தோடு தீராது. மறு வருஷமும் அடிக்க வேண்டியிருக்கும். மரம் நனைந்திருக்கும்போது மட்டும் கவாத்து செய்யாதீர்கள், கத்தரியே நோயைப் பரப்பும்.

கேள்வி: டக்ளஸ் ஃபர் மரத்தின் இலைகளின் அடியில் வெள்ளைப் பஞ்சுத் துகள். பூஞ்சணமா?

பதில்: இது பூச்சி. அசுவினிக்கு உறவான அடெல்ஜிட், பஞ்சுக்குள் ஒளிந்துகொண்டு சாறு உறிஞ்சும். இதே பூச்சி ஸ்புரூஸில் கிளை நுனியைக் கூம்புக்காய் போல வீங்க வைக்கும். அந்த வீக்கம் பச்சையாக இருக்கும்போதே வெட்டி அழித்துவிடுங்கள். பழுப்பாகிவிட்டால் உள்ளே இருந்தவை பறந்திருக்கும். இனி நடும்போது இரண்டு மரங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள்.