88ஆம் இடத்தில் நின்றுபோன பாட்டும் இன்னும் சிலவும்: கேள்வி பதில்

தரவரிசைப் பட்டியலில் தோற்றுப்போன நல்ல ஆங்கிலப் பாட்டுகள் சிலவற்றைப் பட்டியல் போட்டு, அவற்றைப் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். மலையகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் கேள்வி வந்திருக்கிறது. முப்பது வருடம் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். பழைய இசைத்தட்டு சேர்ப்பது அதற்கும் முன்னாலிருந்தே.

ஹட்டன்: சேர், எனக்கு ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கு. எதைக் கேட்க?

'ரிவர் டீப், மவுன்டன் ஹை'. 1966இல் ஐக் அண்ட் டினா டர்னர் பெயரில் வந்தது. தட்டில் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரும் இருந்தாலும் பாடியது டினா மட்டும்தான். ஐக் டர்னருக்கு அந்த ஒலிப்பதிவில் வேலையே இல்லை. தயாரித்தவர் பில் ஸ்பெக்டர். ஒரே வாத்தியத்தை இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து வாசிக்க வைத்து, எதிரொலி அறை வழியாக அனுப்பி, எல்லாவற்றையும் கலந்து சுவர் மாதிரி எழுப்புவது அவருடைய முறை. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் சுமார் 22 ஆயிரம் டொலர் செலவானது என்பார்கள்.

கேட்கும்போது டினாவின் குரலையே பிடித்துக்கொண்டு போங்கள், தங்கச்சி. சின்ன வயதில் வைத்திருந்த துணிப் பொம்மையைப் பற்றி ஆறுதலாகச் சொல்லத் தொடங்குவார். பல்லவிக்கு வந்ததும் பின்னால் இருக்கிற அத்தனை வாத்தியமும் ஒரேயடியாக எழும்பும், அதற்கும் மேலே அவர் குரல் ஏறி நிற்கும். மழைக்காலத்தில் ஆறு பெருகி ஓடும்போது, அந்த இரைச்சலைத் தாண்டி எதிர்மலையில் இருப்பவரைக் கூப்பிடும் குரல் நமக்கெல்லாம் தெரியும். இதைக் கேட்கும்போது எனக்கு அதுதான் நினைவு வரும்.

அமெரிக்காவில் இதற்குக் கிடைத்தது 88ஆம் இடம். பிரித்தானியாவில் 3ஆம் இடம். சொந்த நாட்டில் தோற்ற கவலையில் ஸ்பெக்டர் இரண்டு வருடம் போலத் தொழிலிலிருந்தே ஒதுங்கிவிட்டார். பிற்காலத்தில் கொலைக் குற்றவாளியாகத் தீர்ப்பாகி, தண்டனைக் காலத்திலேயே 2021இல் இறந்தவர் அவர். அதனால் இந்தப் பாட்டை நான் டினாவின் பாட்டாகத்தான் வைத்திருக்கிறேன்.

தலவாக்கலை: நான் தேயிலை ஸ்டோரில் வேலை. நல்ல தூளுக்கும் சில வாரம் ஏலத்தில் விலை விழும். பாட்டும் அப்படித்தானா?

பெரும்பாலும் அப்படித்தான். அமெரிக்காவின் முக்கியமான பட்டியல், 'பில்போர்ட்' பத்திரிகை 1958இலிருந்து போடுகிற முதல் நூறு. அந்தக் காலத்தில், கடையில் எத்தனை தட்டு விற்றது, ரேடியோவில் எத்தனை தடவை போனது, இரண்டையும் சேர்த்து அந்த வாரத்துக்கு ஓர் இலக்கம். 1991 வரைக்கும் கடைக்காரரும் நிலையத்தாரும் சொல்கிற கணக்குத்தான், அதற்குப் பிறகுதான் கணினிக் கணக்கு வந்தது.

அப்போது அங்கே வெள்ளையர் கேட்கும் நிலையம், கறுப்பர் கேட்கும் நிலையம் என்று பிரிந்து கிடந்தது. டினாவின் பாட்டு இந்தப் பக்கத்துக்கும் பொருந்தவில்லை, அந்தப் பக்கத்துக்கும் பொருந்தவில்லை என்று இரண்டு பேரும் போடாமல் விட்டதாகச் சொல்வார்கள். ரேடியோவில் போகாத பாட்டைக் கடையில் யார் போய்க் கேட்பார்?

பண்டாரவளை: எல்லாரும் பாராட்டியும் விற்காமல் போன குழு யாராவது இருக்கா அண்ணே?

பிக் ஸ்டார். எனக்கு மிகவும் வேண்டிய குழு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக்காரர்கள். குழுவில் ஒருவர் அலெக்ஸ் சில்டன். 1967இல், பதினாறு வயதில், பொக்ஸ் டொப்ஸ் என்ற குழுவுக்காக அவர் பாடிய 'தி லெட்டர்' அமெரிக்காவில் முதலாம் இடத்துக்குப் போனது. அவ்வளவு சின்ன வயதில் உச்சியைப் பார்த்தவர், பிறகு கிறிஸ் பெல்லோடு சேர்ந்து பிக் ஸ்டாரில் அதைவிட நல்ல பாட்டுகளைச் செய்தார். 1972இல் வந்த முதல் தொகுப்புக்கு விமர்சகர்கள் நல்ல பெயர் கொடுத்தார்கள். விநியோகம்தான் கவிழ்த்துவிட்டது. விமர்சனத்தைப் படித்துவிட்டு ஆட்கள் கடைக்குப் போனால், கடையில் தட்டு இல்லை.

1974இல் இரண்டாவது தொகுப்பு. அதிலிருந்து தனித்தட்டாக வந்ததுதான் 'செப்டெம்பர் கேர்ள்ஸ்'. மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மணி அடிப்பதுபோல ஒரு கிட்டார், கொஞ்சம் களைத்த குரல், மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாத ஒரு பையனின் காதல். அதற்குள் விநியோகம் வேறு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது, அங்கேயும் தகராறு. பாட்டு எந்தப் பட்டியலிலும் வரவில்லை. பெல் 1978இல் கார் விபத்தில் இறந்தார், 27 வயது. 1986இல் பேங்கிள்ஸ் என்ற பெண்கள் குழு இதே பாட்டைத் தங்கள் தொகுப்பில் பாடியது. அந்தத் தொகுப்பு அமெரிக்காவில் 2ஆம் இடம் வரை போனது. அப்போதுதான் நிறையப் பேர் இப்படியொரு பாட்டு இருக்கிறதென்றே அறிந்தார்கள்.

நுவரெலியா: டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பெரிய ஹிட்தானே? அதை ஏன் உங்கள் பட்டியலில் சேர்த்தீர்கள்?

1977இல் பிரித்தானியாவில் 24ஆம் இடம். அமெரிக்காவில் முதல் நூறிலேயே இல்லை. இன்று எல்லாருக்கும் தெரிவதால் அன்றும் ஹிட் என்று நினைக்கிறோம். கிங்க்ஸ் குழுவின் 'வாட்டர்லூ சன்செட்' (1967) பிரித்தானியாவில் 2ஆம் இடம், அமெரிக்காவில் அதுவும் நூறுக்குள் இல்லை. 1965இலிருந்து 1969 வரை அந்தக் குழு அமெரிக்காவில் மேடையேற முடியாமல் தடையில் இருந்ததும் ஒரு காரணம்.

மஸ்கெலியா: முதலில் விழுந்து பிறகு எழும்பினது?

நிறைய. ரேடியோஹெட்டின் 'கிரீப்' 1992இல் பிரித்தானியாவில் 78ஆம் இடம், அடுத்த வருடம் மறுபடி விட்டபோது 7ஆம் இடம். லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் 'வொட் அ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' 1967இல் அமெரிக்காவில் ஆயிரம் தட்டுகூடப் போகவில்லை. கம்பனித் தலைவருக்கே பாட்டுப் பிடிக்கவில்லை, விளம்பரமும் இல்லை. பிரித்தானியாவில் அதே பாட்டு 1968இல் முதலாம் இடம். 1988இல் ஒரு படத்தின் வழியாக அமெரிக்காவில் 32ஆம் இடத்துக்கு வந்தபோது, அவர் இறந்து பதினேழு வருடம்.

என் மனதைப் பிசைவது ஸொம்பீஸ் குழுவின் கதை. 1967இல் லண்டனின் அபே ரோட் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார்கள், அது வெளிவருமுன்பே பிரிந்தும்விட்டார்கள். அதிலிருந்த 'டைம் ஒஃப் த சீசன்' சொந்த நாட்டில் எடுபடவேயில்லை. 1969இல் அமெரிக்காவில் 3ஆம் இடம் பிடித்தபோது மேடையேறிப் பாடக் குழுவே இல்லை.

கொட்டகலை: நம்மளைப் போல உடம்பு உழைப்பில் வாழ்ந்த பாடகர் யாராவது?

ரொட்ரிகஸ். அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரத்தில், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். 1970இல் வந்த அவருடைய 'கோல்ட் ஃபாக்ட்' அங்கே விற்கவில்லை, அடுத்த தொகுப்பும் விற்காமல் போகவே கம்பனி கைவிட்டுவிட்டது. பிறகு வருடக்கணக்காக வீடு இடிக்கும் வேலை. தென்னாபிரிக்காவில் அவர் வீட்டுக்கு வீடு தெரிந்த பாடகர், ஆனால் அந்தச் செய்தி அவருக்கு எட்டவேயில்லை. 1998இல்தான் அங்கே போய்ப் பாடினார். அந்தத் தொகுப்பின் முதல் பாட்டு 'சுகர் மேன்'. வேலை முடிந்து, விளக்கைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள்.

ராகலை: நம் தமிழ் பொப்பிலும் இப்படி உண்டா?

நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் பாட்டுகளை நம் ஆட்கள் கலியாண வீட்டிலும் பஸ்ஸிலும் பாடிப் பாடியே வளர்த்தார்கள். 'சின்ன மாமியே' எத்தனையாவது இடம் என்று எங்கள் லயத்து வீடுகளில் ஒருத்தரும் கேட்டதில்லை. ஆங்கிலப் பாட்டையும் நான் அப்படியே கேட்டுப் பழகிவிட்டேன்.

பதுளை: நானும் கூட்டாளிகளும் ஒரு பாட்டுச் செய்து யூடியூபில் போட்டோம். இரண்டு மாதத்தில் 140 பேர்தான் பார்த்திருக்கிறார்கள். விட்டுவிடலாமா சேர்?

தம்பி, அண்டர்டோன்ஸ் என்று வட அயர்லாந்தின் டெரியில் ஐந்து பையன்கள். 1978இல் பெல்ஃபாஸ்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் 'டீனேஜ் கிக்ஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். பிபிசி அறிவிப்பாளர் ஜோன் பீலுக்கு அது கிடைத்தது. ஒரு தடவை போட்டுவிட்டு, உடனேயே இரண்டாம் தடவையும் போட்டார். பட்டியலில் அது 31ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் சாகும்வரை பீலுக்கு மிகவும் பிடித்த பாட்டு அதுதான், அதிலிருந்து ஒரு வரி அவர் கல்லறையில் பொறித்திருக்கிறது.

அந்த 140 பேரில் நான் இல்லை. லிங்க் அனுப்புங்கள், இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.