கிராஷ் கார்டு ஃபுட்பெக் சுழல்கிறதா?

நண்பரே, பைக்கின் கிராஷ் கார்டில் (முன்பக்கப் பாதுகாப்புப் பைப்) மாட்டிய ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை), எவ்வளவு இறுக்கினாலும் காலை வைத்ததும் கீழே சுழல்கிறது என்கிறீர்கள். முதலில் அதைப் பைப்போடு பிடித்திருக்கும் கிளாம்பின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தைப் பாருங்கள். நடுவே இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டிருந்தால் கிளாம்ப் 32 மி.மீ., உங்கள் பைப் 25 என்ற மாதிரி சைஸ் வித்தியாசம்தான்; அப்புறம் போல்ட்டை என்ன முறுக்கினாலும் பைப்பைப் பிடிக்காது, மரைதான் போகும். லேத் கடையில் அலுமினியத்தில் ஒரு புஷ் (பைப்புக்கும் கிளாம்புக்கும் நடுவே நிற்கும் வளையம்) போட்டு, நீளவாக்கில் கீறச் சொல்லி உள்ளே வையுங்கள். சைக்கிள் டியூப் ரப்பர் வேண்டாம். நானும் அதைத்தான் சுற்றினேன், ஒரே வாரத்தில் நசுங்கி, ஓரம் பிதுங்கி, மறுபடி தளர்ந்துவிட்டது.

மாட்டும் முன் பைப்பில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள், போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், நைலான் லாக் நட் போடுங்கள். தயவுசெய்து ஃபுட்பெக்மேல் ஏறி நிற்காதீர்கள்.