எலும்பு கூடிவிடும், கெண்டைக்காலை இன்றே காட்டுங்கள்

பாத எலும்பு முறிந்து ஏழு வாரமான நீங்கள் எனக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியதைப் போல ஒரு வரி இருக்கிறது: "மூன்று நாட்களாக அதே காலில் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டதுபோல் வலிக்கிறது, களிம்பு தேய்த்து அமுக்கிவிட்டுக்கொள்கிறேன்." மற்றதெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு கோட்டைப் பற்றியது. கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்கு இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டேன்: கெண்டைக்காலை அமுக்குவதை உடனே நிறுத்துங்கள், இன்றே ஒரு மருத்துவரிடம் காலைக் காட்டி, சிரைகளில் ரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். அதற்கான காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன். பாத எலும்பு முறிந்து வீட்டில் இருக்கும் பலரும் உங்களைப் போலவே முறிந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அதற்கு ஒரு சாண் மேலே நடப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கெண்டைக்காலின் ஆழத்தில் ஓடும் சிரைகள் ரத்தத்தை இதயத்துக்கு மேல்நோக்கி ஏற்ற வேண்டியவை. அதற்கான விசையில் பெரும்பங்கைக் கெண்டைக்கால் தசை தருகிறது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது இறுகிச் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கணுக்காலை அசையாமல் பூட்டி வைத்து, காலைத் தரையில் ஊன்றாமல் ஏழு வாரம் இருந்தால் அந்தத் தசைக்கு வேலையே இல்லை, ரத்தம் தேங்குகிறது. எலும்பு முறியும் அளவுக்கு அடிபட்ட உடலில் ரத்தம் உறையும் தன்மையும் சில வாரங்களுக்குக் கூடியிருக்கும். இவை போதாதென்று, மாதவிலக்கைச் சீராக்க ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை நான்கு மாதங்களாகச் சாப்பிட்டுவருவதாகவும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உறைதலைத் தூண்டக்கூடியது. 46 வயதில் இந்த மூன்றும் ஒருசேர அமைந்த ஒருவர் கெண்டைக்கால் வலி என்று சொன்னால், ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்த்து இல்லை என்று உறுதி செய்துகொள்ளும் வரை எந்த மருத்துவரும் அதைத் தசைப்பிடிப்பு என்று எழுதமாட்டார். அது வெறும் தசைப்பிடிப்பாகவே இருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஒன்று மட்டும் நீங்களே செய்து பார்க்கலாம். முழங்கால் சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் முன்புறத்தில், விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் இரண்டு கால்களின் சுற்றளவையும் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். வலியுள்ள கால் மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தால் ஐயம் வலுவானது என்பது நாங்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழு வாரம் வேலையின்றிக் கிடந்த கெண்டைக்கால் தசை இளைத்துப்போயிருக்கும். ஆகவே அடிபட்ட பக்கம் மற்றதைவிட மெலிந்திருப்பதே இயல்பு. இரண்டும் சமமாக இருந்தால்கூட அந்தக் காலில் ஏதோ வீக்கம் சேர்ந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். நாடா நல்ல செய்தி சொன்னாலும் மருத்துவரிடம் போவதை அதைக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் வீக்கமே வெளியில் தெரியாமலும் உறைவு இருக்கக்கூடும். சிரையின் மேல் கருவியை வைத்து அழுத்தி, அது தட்டையாக மடங்குகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். உறைவு அடைத்திருக்கும் சிரை மடங்காது. ஊசி இல்லை, மருந்து ஏற்றுவதும் இல்லை, பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உறைவைத் தேடும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா என்று கேட்டிருந்தால் போதாது என்று சொல்லியிருப்பேன்; எலும்பு முறிந்த சில வாரங்களுக்கு அந்தப் பரிசோதனை உறைவு இல்லாதவர்களுக்கும் கூடுதலாகவே காட்டக்கூடும்.

அமுக்குவதை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. சிரையில் ஒட்டியிருக்கும் உறைவிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்தால் அது ரத்தத்தோடு இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே குழாயை அடைக்கும். திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, சளியில் ரத்தம், காரணமில்லாத படபடப்பு, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல், இணையத்தில் தேடாமல், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். எலும்பு முறிந்து ஏழு வாரம் ஆகிறது என்பதையும், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவதையும் அங்கே முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி உங்களைத் தூங்கவிடாத அந்தக் கோட்டுக்கு வருகிறேன்.

படியில் கால் பிசகியபோது பாதம் உட்பக்கமாக மடங்கியது என்றும், சுண்டுவிரலுக்குப் பின்னால் நீண்டு செல்லும் ஐந்தாம் பாத எலும்பின் அடி நுனியில் முறிவு என்றும், ஆறாம் வாரத்து எக்ஸ்ரேயில் "முறிவுக்கோடு இன்னும் தெரிகிறது" என்று எழுதியிருப்பதாகவும் சொல்கிறீர்கள். கணுக்கால் அப்படி மடங்கும்போது, பாதத்தின் வெளி ஓரத்தில் அந்த நுனியில் பற்றியிருக்கும் தசைநாணும் அடிப்பாதத் திசுவும் வெடுக்கென்று இழுபட்டு எலும்பில் ஒரு துண்டைப் பெயர்த்துவிடும். பாத முறிவுகளில் இது மிகச் சாதாரணமான ஒன்று, நன்றாக ஆறக்கூடியதும்கூட. கூடும் எலும்பு முதலில் மென்மையாகத்தான் உருவாகிறது. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரியப் பல வாரம், சில வேளை பல மாதம் ஆகும். உங்கள் பாதம் தன் வேலையைச் செய்யத் தொடங்கிய பிறகும் படத்தில் கோடு இருந்துகொண்டே இருக்கும். இந்த இடத்து முறிவில் சிலருக்கு எலும்புக்குப் பதிலாக நார்த்திசுவே இரு பகுதிகளையும் பிணைத்துவிடுவதும் உண்டு. கோடு மறையவே மறையாது, வலியும் இருக்காது, அதற்குச் சிகிச்சையும் தேவையில்லை. ஆகவே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, பாதத்தின் வெளி ஓரத்தில் துருத்தும் அந்த எலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். முதல் வாரத்தில் தொடவே விடாத இடம் இப்போது அழுத்தினால் மந்தமாக மட்டும் வலிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோடு சொல்வதைவிட அந்த விரல் சொல்வதற்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

இணையத்தில் நீங்கள் படித்தது வேறொரு முறிவைப் பற்றியது. அதே எலும்பில், நுனியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, ரத்த ஓட்டம் குறைவான ஓர் இடம் உண்டு. அங்கே முறிந்தால் கூடுவதற்கு நாளாகும், சில வேளை கூடாமலே போகும், திருகாணி வைக்க வேண்டியும் வரும். ராபர்ட் ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர் நடனமாடும்போது தம் காலிலேயே நேர்ந்த முறிவையும் சேர்த்து 1902-ஆம் ஆண்டு விவரித்ததால் அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு முறிவுகளைத் தேடுபொறி ஒரே பட்டியலில் கொட்டிவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் கதையே வேறு என்பதை அது சொல்வதில்லை. "எலும்பு செத்துவிடும்" என்பதும் இப்படித்தான். அந்த ஆபத்து கணுக்காலுக்கு உள்ளே இருக்கும் எலும்பு போன்ற வேறு சிலவற்றுக்கே பெரிதும் உரியது. உங்கள் அறிக்கை காட்டும் நுனி முறிவில் அந்தக் கவலை வேண்டாம்.

என்னை வருத்தியது இந்தப் பயம் உங்களை என்ன செய்ய வைத்தது என்பதுதான். இரண்டாம் வாரத்திலேயே, வலி அனுமதிக்கும் அளவுக்கு, கணுக்காலை அசையாமல் பிடிக்கும் காலணி போன்ற பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று உங்கள் எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலை ஊன்றினால் எலும்பு கூடாது என்று எங்கோ படித்துவிட்டு, மேலும் ஐந்து வாரம் கட்டிலைவிட்டு இறங்காமல், தூங்கும்போதும் பூட்ஸைக் கழற்றாமல் இருந்திருக்கிறீர்கள். எலும்பை இது வேகமாகக் கூட்டவில்லை. கெண்டைக்கால் சிரைகளில் ரத்தம் தேங்க மட்டும் ஐந்து வாரம் வழி விட்டது. உங்களைக் கடிந்துகொள்ள இதை எழுதவில்லை. பயந்தவர்கள் அசையாமல் இருப்பது இயற்கை. ஆனால் உங்கள் காலைத் தொட்டுப் பார்த்த ஒருவர் சொன்னதை, காலைப் பார்த்தே இராத ஒரு பக்கத்தை நம்பி மாற்றுவதற்கு முன்னால், அவரையே ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

மற்ற கவலைகளை விரைவாகத் தீர்த்துவிடலாம். மாலையில் பாதம் வீங்கி, காலையில் வடிவது இன்னும் மூன்று நான்கு மாதம் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் ஊதா நிறமாகி, தூக்கி வைத்தால் நிறம் திரும்புவதும் இப்போதைக்கு இயல்பே. தோல் செதில் செதிலாக உரிவதும், அந்தக் காலில் முடி அடர்ந்து தெரிவதும் பொருட்படுத்த வேண்டியவை அல்ல. அறிக்கையில் "எலும்பு அடர்த்தி குறைந்துள்ளது" என்று இருப்பது பயன்படுத்தாமல் விட்ட பாதத்தில் வரக்கூடியதுதான். நடக்க நடக்கத் திரும்பும். அதை எலும்புப்புரை என்று நீங்களாகப் பெயர் வைத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டாம். உங்கள் வயதில் உணவும் மாத்திரையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் போதும். அதற்கு மேல் போவது எலும்புக்குச் சேராது, மலச்சிக்கலும் சிறுநீரகக் கல்லும்தான் மிஞ்சும். வைட்டமின் டி அளவை ஒருமுறை பார்த்துக்கொள்வது பயனுள்ளது.

டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கி ஏழு வாரமாகத் தினமும் இரண்டு வேளை விழுங்கிவருவதை மட்டும் விரைவாகக் கடந்துபோக முடியவில்லை. வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குச் சுமை, ரத்த அழுத்தம் கூடுவது ஆகியவை அதன் தெரிந்த விளைவுகள். எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தலாம் என்ற ஐயமும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை. இன்றைக்கு அதைவிட அவசரமான காரணம் ஒன்று இருக்கிறது. ஸ்கேனில் உறைவு தெரிந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை உடனே தொடங்குவார்கள். இரண்டும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து வெகுவாகக் கூடும். ஆகவே அந்த மாத்திரை அட்டையையும் ஹார்மோன் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரின் மேசையில் வையுங்கள். ஹார்மோன் மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும். வலி இருந்தால் இப்போதைக்குப் பாராசிட்டமால், அதுவும் அட்டையில் அச்சிட்ட அளவைத் தாண்டாமல். நாள் முழுவதும் வலியை மரக்கச் செய்துவிட்டால், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று சொல்ல வேண்டிய பாதம் வாயடைத்துப் போய்விடும்.

கடிதத்தின் கடைசியில், "மறுபடியும் பழையபடி நடப்பேனா, அந்தப் படிகளில் ஏறுவேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடப்பீர்கள். உறைவு இருப்பதாகவே தெரிந்தாலும், மருந்து தொடங்கிய பிறகு பொதுவாக நடக்கத்தான் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்று மாத அளவுக்கு மருந்து, அவ்வளவுதான். ஸ்கேன் முடிந்து மருத்துவர் சரி என்றதும், உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதில் தொடங்குங்கள். பிறகு அடிப்பகுதி விறைப்பான காலணி போட்டுக்கொண்டு, அடிபடாத பக்கத்துக் கையில் ஊன்றுகோலோடு, அறைக்குள் நடங்கள். அன்று நடந்ததால் வந்த வலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தூரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். அடங்காவிட்டால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பதை, கெண்டைக்கால் பழைய வலுவுக்கு வரும் வரை விடாதீர்கள். படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது அடிபட்ட காலை முதலில் இறக்குங்கள். இரண்டு கால்களும் ஒரே படியில் சேர்ந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.