தன்பாலுறவைக் குற்றநீக்கம் செய்வது என்றால் என்ன?

பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சி நாடகங்களைப் பார்ப்பவர்கள், அவற்றில் பேசப்படும் குற்றநீக்கம் எது என்று கேட்கிறார்கள். வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவுக்காக அவர்களைக் கைது செய்யவும் தண்டிக்கவும் அரசுக்கு இருந்த அதிகாரத்தை நீக்குவதே அது.

காரணம் எளியது: அந்த உறவால் பாதிக்கப்பட்டவர் எவருமில்லை. பிரிட்டனில் அரசு அமைத்த வுல்ஃபென்டன் குழு 1957இலேயே இதைப் பரிந்துரைத்தும், பத்தாண்டு கழித்தே அது சட்டமானது. அதுவும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும், 21 வயது நிறைந்த ஆண்களுக்கு மட்டும். இந்தக் குறையையும் மறைக்காமல் காட்டும் நாடகமே நேர்மையானது என்பேன். ஆங்கிலேயர் 1860இல் நமக்கு எழுதிவைத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவோ, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்தும்வரை, தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் வாழ்ந்தவர்களையும் குற்றவாளிகளாகவே கருதியது. மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு, கைதாவோமோ என்ற அவர்களின் அச்சமே மூலதனமாக இருந்தது.

கல்லணையில் மதகைத் திறந்த அன்றே வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல் நனைந்துவிடுவதில்லை. வாய்க்கால் தூர்ந்திருந்தால் தண்ணீர் பாதி வழியிலேயே நின்றுவிடும். சட்டம் மாறிய பின்னும் வீட்டிலும் வேலையிடத்திலும் மதிப்பு வந்துசேர அப்படித்தான் காலம் பிடிக்கிறது.

குற்றநீக்கம் ஆனதால் தன்பால் திருமணமும் செல்லும் என்று பலர் எண்ணுகிறார்கள்; அந்த ஏற்பை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் வழங்கவில்லை, சிறாரைப் பாதுகாக்கும் சட்டங்களும் சற்றும் தளரவில்லை.