புளியங்கொட்டையில் கார்பன் கணக்கு

கேள்வி: தருமபுரி அருங்காட்சியகத்தில் எங்கள் கல்லூரி அறிவியல் மன்றம் பொதுச் சொற்பொழிவு நடத்தப்போகிறது. தலைப்பு, கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு. '4,200 ஆண்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று ஊர்க்காரர்கள் கேட்டால், சமன்பாடு இல்லாமல் விளக்க வழி உண்டா? (வாசகி, பாலக்கோடு)

பதில்: உண்டு. முதலில், துருப்பிடித்த இரும்பை நேரடியாக அளப்பது அபூர்வம் என்று சொல்லிவிடுங்கள். அதே மண்ணடுக்கில் கிடைத்த கரித்துண்டு போன்றவற்றைத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். மரம் உயிரோடு இருக்கும்வரை கார்பன்-14 என்ற, தானாகவே சிதையும் ஒருவகைக் கார்பன் சேர்ந்துகொண்டே இருக்கும். பட்டுப்போன பின் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும்.

100 புளியங்கொட்டையை, தாயம் ஆட உரசுவோமே, அதேபோல ஒரு பக்கம் வெள்ளை தெரிய உரசி முறத்தில் போடுங்கள். குலுக்கிக் கொட்டி, வெள்ளை மேலே விழுந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். மிச்சம் சுமார் 50, அடுத்த முறை 25, அப்புறம் 12 அல்லது 13. ஒரு குலுக்கல் 5,730 ஆண்டு. மயிலாடும்பாறைக்கு 2022இல் அறிவித்த பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 2172 என்பது இன்றைக்குச் சுமார் 4,200 ஆண்டு முன்பு, ஒரு குலுக்கலுக்கும் குறைவு. 100 கொட்டையில் 60 மிஞ்சியிருக்கும் கணக்கு.

ஆழமாக உரசிய கொட்டை ஒரே பக்கமாக விழும், ஆகவே முந்தின நாளே நாலைந்து தடவை கொட்டிப் பாருங்கள். முதல் குலுக்கலில் 43 வரலாம், 57 வரலாம். கூட்டம் சிரிக்கும், சிரிக்கட்டும். ஆய்வுக்கூட அறிக்கையில் தேதியோடு 'கூட்டல் கழித்தல் 30 ஆண்டு' என்றெல்லாம் போடுவது எதற்கு என்று விளக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஐந்து குழுவாகப் பிரித்து 500 கொட்டையின் கணக்கைக் கூட்டினால் பாதிக்கு நெருங்கி வரும்.

விவரம் தெரிந்தவர் ஒருவர் மடக்குவார்: கரி காட்டுவது மரத்தின் வயதைத்தானே, உலை மூட்டிய நாளையா? நியாயமான கேள்வி. மரம் உயிரோடு இருந்தாலும், உள்கட்டையில் அது வளர்ந்த ஆண்டோடு கார்பன் சேர்வது நின்றுவிடும். ஆகவே 200 வயது மரத்தின் நடு வைரத்தை இன்று எரித்தாலும் அந்தக் கரி ஏறக்குறைய 200 ஆண்டு பழசாகத்தான் காட்டும். இன்னொன்று, மயிலாடும்பாறையைத் 'தமிழகத்தின் மிகப் பழைய இரும்பு' என்று பேச்சாளர் முழங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்புக்குப் பொ.ஆ.மு. 3345 என்ற தேதி 2025 ஜனவரியிலேயே வெளியாகிவிட்டது.

கேள்வி: கூடத்தில் மைக் வைத்தும் பின்வரிசைக்குப் புரியவில்லை. ஸ்பீக்கரைப் பெரிதாக்கலாமா? (அரூர் வாசகர்)

பதில்: வேண்டாம், இன்னும் மோசமாகும். கல்தரையும் கண்ணாடிப் பேழையும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. 17 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டு வரும் குரல் 0.1 விநாடி பிந்தி, அடுத்த சொல்லின் மேல் விழும். முன்னால் ஒரு பெரிய பெட்டிக்குப் பதில், பக்கவாட்டில் பாதித் தூரத்தில் இரண்டு சிறிய பெட்டிகளைக் காது உயரத்தில், சத்தம் குறைத்து வையுங்கள். பெட்டி மைக்கைப் பார்த்தபடி இருந்தால் விசிலடிக்கும். தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தால் பாதி எதிரொலி அடங்கிவிடும்.

கேள்வி: நடுகல் எழுத்து தெரிய சாக்பீஸ் தேய்க்கலாமா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: கூடாது. கல்லின் நுண்துளையில் புகுந்த தூள் கழுவினாலும் முழுசாகப் போகாது; தேய்ப்பவர் தனக்குத் தோன்றிய கோட்டையே எழுத்தாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. விளக்கை அணைத்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் மொட்டைக் கல்தான். சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளமெல்லாம் நிழல் கட்டி, வட்டெழுத்து என்ற அந்தப் பழைய தமிழ் எழுத்து எழும்பி வரும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால், வெளிச்சம் போகும் திசையிலேயே உள்ள கோடுகள் மறைந்துவிடும். மேலிருந்தும் ஒருமுறை பிடித்துக் காட்டுங்கள்.