சைலன்சர் நட்டு மழுங்கிவிட்டால்

கேள்வி: என்னுடையது பத்து வருடம் ஓடிய 100 சிசி பைக். சைலன்சர் பேக்கிங் மாற்றலாம் என்று என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பை நானே கழற்ற உட்கார்ந்தேன். என்ஜின் ஹெட்டில் இருக்கும் இரண்டு நட்டில் ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றில் ஸ்பேனர் வழுக்கி வழுக்கி மூலையெல்லாம் மழுங்கிவிட்டது. வீட்டிலேயே கழற்ற வழியுண்டா?

பதில்: உண்டு. ஆனால் அந்த ஸ்பேனரை இனி தொடாதீர்கள். இன்னும் நாலு தடவை வழுக்கினால் மிச்சமிருக்கும் மூலையும் போய்விடும்.

நட்டு சில ரூபாய் சமாச்சாரம். அது ஏறியிருக்கும் ஸ்டட், அதாவது ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பி, அப்படியில்லை. அலுமினிய ஹெட்டுக்குள் மரை போட்டு இறக்கியிருப்பார்கள். ஒடிந்தால் லேத் பட்டறை வரை போக வேண்டும். அதனால் நட்டைச் சிதைத்தாலும் பரவாயில்லை, ஸ்டட் தப்ப வேண்டும்.

முதலில் போயிருப்பது மூலையா, மரையா என்று பாருங்கள். நட்டு அசையாமல் ஸ்பேனர் மட்டும் வழுக்கினால் மூலை. நட்டு சுற்றிக்கொண்டே இருந்தும் வெளியே வரவில்லை என்றால் மரை; அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். சில சமயம் நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து கழன்று வரும். பயப்படாதீர்கள், அது அதிர்ஷ்டம்.

என்ஜின் நன்றாக ஆறட்டும். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேயுங்கள். பலரும் விடுகிற வேலை இது. நட்டு அந்தத் துருவின் மேல்தானே ஊர்ந்து வர வேண்டும்? அப்புறம் டபிள்யூடி-40 மாதிரி துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் நட்டின் பக்கங்களில் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ஸ்டட்டின் நுனியில் தட்டினால் மரை நசுங்கி, நட்டு வெளியே வராது.

இனி பிடிமானம். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் நட்டின் மூலையை மட்டும் பிடிக்கும். மழுங்கிய நட்டுக்கு ஆகாது. ஆறு முனை சாக்கெட் பக்கங்களில் உட்காரும். இந்த இடத்தில் பெரும்பாலும் 10 எம்எம் நட்டுதான். 3/8 அங்குல சாக்கெட் ஏறத்தாழ 9.5 எம்எம், அதைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் மழுங்கிய 10 எம்எம் நட்டை இறுக்கிப் பிடிக்கும். ஸ்டட் நீட்டிக்கொண்டிருப்பதால் நீள சாக்கெட்டாக வாங்குங்கள். அதற்கு இடமில்லையா? எதிரெதிர்ப் பக்கம் இரண்டை அரத்தால் 9 எம்எம்முக்குத் தேய்த்து, 9 ஸ்பேனர் போடுங்கள். மெதுவான வேலை, ஆனால் என் அனுபவத்தில் நம்பகமானது. வைஸ் கிரிப்பும் (கடித்தபடி பூட்டிக்கொள்ளும் பிளையர்) பிடிக்கும். ஒரே தடவையில் கழலாவிட்டால் மிச்சப் பக்கத்தையும் கடித்துவிடும்.

எடுத்தவுடனே கழற்றும் பக்கம் இழுக்காதீர்கள். இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்துப் பாருங்கள், துருப் பிடிப்பு விடும். பிறகு கால் சுற்று கழற்றி, திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். கறகறவென்று சத்தம் வந்தால் நல்லது. சத்தமே இல்லாமல், ரப்பரைத் திருகுவது போல் கைக்குத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். முறுக்கிக்கொள்வது ஸ்டட். தொழில் பழகிய காலத்தில் அந்த வித்தியாசம் புரியாமல் நான் ஒடித்த ஸ்டட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல.

இதற்கும் மசியாவிட்டால் நட்டை வெட்ட வேண்டியதுதான். ஹாக்ஸா பிளேடால் ஒரு பக்கத்தை ஸ்டட்டின் நீளவாக்கில், மரையைத் தொடுவதற்குச் சற்று முன் வரை அறுங்கள். அந்தப் பள்ளத்தில் உளியை வைத்து ஒரு தட்டு. நட்டு பிளந்து பிடி விட்டுவிடும்.

பட்டறையில் பழைய நட்டின் மேல் பெரிய நட்டு ஒன்றை வைத்து வெல்டிங் அடித்துக் கழற்றுவார்கள். அந்தச் சூட்டிலேயே துரு விட்டுவிடும். அருமையான வழி, ஆனால் பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் கழற்றி, வழிந்த எண்ணெயைத் துடைத்த பிறகுதான். வீட்டு வாசலில் வேண்டாம்.

ஸ்டட் ஒடிந்தே போனால், ஒடிந்த துண்டில் துளை போட்டு, உள்ளே திருகி வெளியே எடுப்பதற்கென்று கடையில் விற்கும் ஈஸி-அவுட்டை வாங்கி முறுக்காதீர்கள். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. லேத்காரரிடம் போகும்போது வேலை இரண்டாகிவிடும்.

மாட்டும்போது பேக்கிங், நட்டு இரண்டும் புதிது போடுங்கள். மரையில் சூடு தாங்கும் காப்பர் கிரீஸ் தடவுங்கள். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சின்ன ஸ்பேனரை ஒரு கையால் பிடித்து இறுக்கும் அளவு போதும்; பைப் மாட்டிக் கைப்பிடியை நீட்ட வேண்டாம். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, என்ஜின் ஆறியதும் இறுக்கம் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.